திறந்து வைத்த பாட்டில்

இலக்கியக் கட்டுரைகளும் கோயில் வரலாறுகளும் வருகிற நம் பத்திரிகையில் பிரேக் ஆயிலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மறைந்த ஆ. மாதவன் அவர்கள் சாலையில் கடை நடத்திக்கொண்டே அந்தக் கடைத்தெருவைக் கதைகளாக எழுதிப் புகழ் பெற்றார். நானும் அதே சாலையில், ஆரியசாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில், முப்பது வருஷத்துக்கு மேலாகக் கடை வைத்திருப்பவன்தான். ஆனால் எனக்குக் கதை வராது. நான் விற்பது கார் உதிரிபாகம். விற்ற சரக்கு ஒன்றைப் பற்றிய கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தில் கருத்துக் கூற எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எனக்கு மூத்தவர். அவருடைய மகன் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். சொந்தச் சம்பாத்தியத்தில், கொச்சியிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தான். பழையது என்றாலும் வேகத்தில் புலி. அது போதாதென்று எஞ்சினின் கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றி இன்னும் சக்தி ஏற்றினான். வீல்களை மாற்றினான், சைலன்சரை மாற்றினான். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் ஆனதாக அண்ணாச்சி என்னிடம் வருத்தப்பட்டார். வீல் இடுக்கு வழியாகத் தெரியும்படி, பிரேக் காலிப்பர் மேல் சிவப்பு நிற மூடி ஒன்றும் ஒட்டியிருந்தான். பெரிய பந்தயக் கார் பிரேக் மாதிரி தோன்றுவதற்காக விற்கிற வெறும் மூடி அது. அதை விற்றவனும் நான்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2024 நவம்பர் கடைசியில் அந்தத் தம்பி கடைக்கு வந்தான். "மாமா, பிரேக் பேட் தேஞ்சு போச்சு. ஆயிலும் குறைஞ்சிருக்குன்னு விளக்கு எரியுது. ஞாயித்துக்கிழமை பையன்களோட சேர்ந்து நானே மாத்திடுவேன்" என்றான். பேட் தேயத் தேயக் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், அதனால் டப்பாவில் மட்டம் குறையும். அது கசிவு அல்ல. புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் மட்டம் தானாக ஏறிவிடும். இது எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டம். பேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அலமாரியில் எப்போதோ திறந்து பாதி செலவாகி நின்ற பிரேக் ஆயில் பாட்டிலை எடுத்து, "இந்தா மக்களே, இதுக்குக் காசு வேண்டாம்" என்று கையில் திணித்தேன். தாராளம் காட்டியதாக நினைப்பு வேறு.

அவர்கள் பேட்டை மாற்றி, நாலு வீலிலும் ஏர் எடுத்து, அந்தப் பாட்டிலில் இருந்ததை ஊற்றியிருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்தத் தம்பி தாயையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு பொன்முடிக்குப் போனான். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததே. ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது கியரை டி-யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தபடியே வந்திருக்கிறான். கடைசி வளைவுகளுக்குக் கொஞ்சம் மேலே பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. ஒரு பக்கம் பள்ளம். பையன் பதறாமல் கியரைக் கையால் இறக்கி, பார்க்கிங் பிரேக்கின் பொத்தானை இழுத்துப் பிடித்து, காரை மலைப் பக்கத்து மண் திட்டில் சாய்த்து நிறுத்தினான். தங்கைக்குக் காரையெலும்பு முறிந்தது. தாய்க்கு நெற்றியில் தையல். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பது. மறுநாள் காரைக் கட்டி இழுத்து வந்து பார்த்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. ஆயில் கசிவு இல்லை, பேட் புதுசு, குழாய்கள் சரி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: பிரேக்கில் குற்றம் இல்லை, பையன்தான் வேகமாக வந்திருக்கிறான். "பிரேக் பிடிக்கலைப்பா" என்று அவன் சொன்னது பொய்யாகிவிட்டது. அண்ணாச்சி அவனோடு பேசுவதை நிறுத்தினார். தங்கைக்குக் கட்டுப் போட்ட கையோடு வந்த பெண் வீட்டார் பேச்சு ஒன்றும் தள்ளிப் போயிற்று என்று கேள்வி. அந்த நாட்களில் நானும் தெருவில் நின்று "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று தலையாட்டினவன்தான்.

பிரேக் எப்படிப் போயிற்று, எப்படித் திரும்பி வந்தது? விஷயம் சிறியது. நாம் பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரம் வரை கொண்டு போவது அந்த ஆயில்தான். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் அது நடக்கிறது. காரை நிறுத்துவது என்றால் அதன் வேகத்தைச் சூடாக மாற்றுவது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சக்தி ஏற்றிய கார் வைத்திருக்கும் பிள்ளைகள் மறந்துவிடும் கணக்கு இது. மலை இறக்கத்திலும் இதே கதைதான். 100 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் பிரேக் மட்டுமே காரைத் தாங்கினால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டரைத் தடவை முழுசாக நிறுத்தின சூடு அதில் ஏறும். பொன்முடி உச்சி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர். மீதியை வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போகிறது. ஆயில் கொதித்தால் குமிழி. குமிழி என்பது ஆவி, ஆவியை அமுக்கலாம். அப்போது கால் போகும், பிரேக் பிடிக்காது. ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் நல்ல பிள்ளை மாதிரி எழுந்து நிற்கும். சாட்சி அழிந்துவிட்டது.

நல்ல ஆயில் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. டாட் 4 என்று அச்சிட்ட ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் வீட்டு உப்பு மழைக்காலத்தில் கசிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இதில் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் அதே டாட் 4-க்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் புதிதில் 205, ஈரத்தில் 140. டாட் 5.1 என்பது புதிதில் 260, ஈரத்தில் 180. காரில் ஊற்றி மூடி வைத்திருந்தாலும் ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் மெல்ல இறங்கும். திறந்த பாட்டிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

இடவப்பாதி, துலா மழை என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊர் நம் ஊர். கடற்காற்று வேறு. என் கடை அலமாரியில் அந்தப் பாட்டில் எத்தனை மாதம் மூடி சரியாகத் திருகாமல் நின்றதோ!

இதை எனக்குக் காட்டியவர் கரமனையில் வர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆசான் ஒருவர். ஜனவரியில் கார் அவரிடம் வந்தது. எல்லோரும் பெடலை மிதித்துப் பார்த்தார்கள், அவர் ஆயிலைப் பார்த்தார். ஆயிலில் உள்ள ஈரத்தைக் காட்டுகிற பேனா போன்ற கருவி ஒன்று உண்டு, விலை அதிகமில்லை. காரின் டப்பாவில் வைத்தார், சிவப்பு விளக்கு. டிக்கியில் மிச்சமாகக் கிடந்த பாட்டிலின் அடியில் வைத்தார், அதிலும் சிவப்பு. பழைய உடைமைக்காரர் பல வருஷமாக ஆயிலை மாற்றாமல் வைத்திருந்தது ஒரு காரணம், புதுசு என்று நம்பி ஊற்றியது அதைவிடப் புதுசாக இல்லாமல் போனது இன்னொரு காரணம். சூடு வெளியேற வேண்டிய இடத்தில் அந்தச் சிவப்பு மூடி வேறு. ஆசான் பாட்டிலில் ஒட்டியிருந்த என் கடை ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் இரண்டு நாள் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நடிகர் அஜித்குமாரின் செய்தி வந்தது. துபாயில் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கையில், 2025 ஜனவரி 7-ந் தேதி, அவருடைய போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமின்றி இறங்கி வந்தார். பிரேக் பிடிக்காமல் போனதே காரணம் என்று அவர் தரப்பில் பிறகு சொன்னார்கள். அதே வாரக் கடைசியில் நடந்த பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. சாலையில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. அண்ணாச்சி சினிமா பார்க்கிறவர் அல்ல. இருந்தாலும் அந்த வீடியோவை யாரோ போனில் காட்ட, திரும்பத் திரும்பப் பார்த்தார். "பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டி. கூடவே பத்து மெக்கானிக்கு. அதுக்கே பிரேக்கு போகுமா?" என்று என்னைத்தான் கேட்டார். பிறகு மெதுவாக, "அப்ப நம்ம பய சொன்னது..." என்று நிறுத்திக்கொண்டார்.

அங்கேயே, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அந்த ரெண்டு நாளும் அவன் சாப்பிடாமப் படுத்திருந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இனி என் கருத்து.

வேகமான கார் வாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்மவர்கள் வேகத்துக்கு அந்நியர்களும் அல்ல. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய காலத்தைச் சென்னைக்காரர்கள் இன்றும் சொல்லுவார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் பந்தயக் கார்களைத் தாமே கட்டினார். அந்த ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பிரேக் செய்யும் தொழிலும் நம் நாட்டில் வளர்ந்தது பெரும்பாலும் தமிழ் மண்ணில்தான். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. ரானே, சுந்தரம் என்ற பெயர்களில் லைனிங் செய்யும் கம்பெனிகளும் அதன்பின் எழுந்தன. அந்த இனத்தான் ஒருவன் சாலையில் கடை போட்டு, பிரேக் ஆயிலை நல்லெண்ணெய் மாதிரி திறந்து வைத்து விற்றேன் என்றால் வெட்கம்தானே?

பந்தய உலகத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது சத்தத்தையும் நிறத்தையும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 1953-ல் பிரான்சில் லே மான் பந்தயத்தை ஜாகுவார் கார் வென்றதற்கு எஞ்சின் மட்டும் காரணமல்ல, டன்லப் கம்பெனி செய்த டிஸ்க் பிரேக்கும் காரணம். மற்றவர்களின் டிரம் பிரேக் சூட்டில் சோர்ந்துபோக, ஜாகுவார் ஓட்டுநர்கள் வளைவுக்கு மிக அருகில் வந்தபின் மிதித்தார்கள். இன்றும் பந்தயக் கொட்டகையில் ஓட்டம் முடிந்ததும் முதலில் ஏர் எடுத்துப் புது ஆயில் விடுவார்கள். பேட்டின் கனத்தை அளந்து எழுதுவார்கள். டிஸ்க்கில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். அவ்வளவு செய்தும் பிரேக் போகிற நாள் உண்டு என்பதற்குத் துபாயே சாட்சி. நாமோ ஐந்து வருஷம் மூடியைத் திறக்காமல் பொன்முடி ஏறுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. விபத்துக்குப் பின் அந்தத் தம்பி, பந்தயத்துக்குப் போடுகிற பேட்டையே வாங்கிப் போடப் போவதாகச் சொன்னான். ஆசான் தடுத்தார். அந்தப் பேட் நன்றாகச் சூடேறின பிறகுதான் பிடிக்கும். காலையில் மழையில் தம்பானூர்ச் சிக்னலில் குளிர்ந்து கிடக்கும்போது அது சாதாரண பேட்டைவிட மோசம். துளை போட்ட டிஸ்க்கும் அழகுக்குத்தான் பெரும்பாலும், அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. ரோட்டில் ஓடுகிற காருக்குக் கம்பெனி சொன்ன தரத்துப் பேட் போதும். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்தால் கடைந்து ஒப்பேற்றாமல் மாற்ற வேண்டும். காலிப்பரின் பின்கள் உப்புக் காற்றில் இறுகாமல் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவ வேண்டும். எஞ்சின் ஆயில் கையோடு அங்கே தொட்டால் ரப்பர் உப்பிப் போகும். புதுப் பேட் போட்டவுடன் சாலையில் சீறிக் காட்டாமல், காலியான ரோட்டில் நடுத்தர வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை, முழுதும் நிற்காமல் மெல்லக் குறைத்துப் பழக்க வேண்டும். ஆயிலை, எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தேதி பார்த்து மாற்ற வேண்டும். இரண்டு வருஷம் என்று பல கம்பெனிகளின் புத்தகம் சொல்லும். நம் ஊர் ஈரத்துக்கும் இந்த மாதிரிக் கார்களுக்கும் ஒரு வருஷம் என்பேன் நான். செலவு, அந்தத் தம்பி சைலன்சருக்குக் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்கு இருக்குமா தெரியவில்லை. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான். 5.1 என்று நினைத்து அதை வாங்கிக் கலந்துவிடாதீர்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் வழியில்லை. கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் நம் கேரளத்து வழக்கு ஒன்றில்தான். அதன்பின் கறுப்புத் தாள், அகல வீல், சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் ரோட்டோரத்தில் அபராதத்துக்கு ஆளாகின்றன. சரிதான். ஆனால் ரோட்டோரத்தில் நிறுத்தி ஆயிலின் ஈரத்தைப் பார்த்தவரை நான் கண்டதில்லை. கண்ணுக்குப் படுகிற குற்றத்துக்கு மட்டும் ரசீது.

ஆகவே இது எங்கள் கடைக்காரர்கள் கையில் இருக்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். இப்போது என் கடையில் பிரேக் ஆயில் சீல் உடைக்காத பாட்டிலாகத்தான் விற்பனை, அதுவும் சிறிய அளவு. விற்ற தேதியைப் பேனாவால் பாட்டிலிலும் வாடிக்கையாளரின் சர்வீஸ் புத்தகத்திலும் எழுதிக் கொடுக்கிறேன். மிஞ்சினால் கீழே கொட்டாமல் வர்க்‌ஷாப்பில் பழைய ஆயிலோடு சேர்க்கச் சொல்லுகிறேன். ஆட்டோக்காரத் தம்பிகள் "கொஞ்சம் ஊத்திக் கொடுங்க, அம்பது ரூபா தாரேன்" என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கே கிடைக்கிறது. அந்தக் கடைக்காரரிடமும் பேசினேன். "ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு வேதாந்தமா?" என்று சிரித்தார். சிவப்பு மூடி விற்பதையும் நிறுத்திவிட்டேன், இருந்த ஒன்பது ஜோடியும் பரணில் கிடக்கிறது.

நம் சங்கத்தில் ஆண்டு விழாவுக்கு அரங்கம் இருக்கிறது, வாசலில் இடம் இருக்கிறது. பள்ளி விடுமுறை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உறுப்பினர்களின் கார்களை வரிசையாக நிறுத்தச் செயலாளர் அனுமதித்தால் போதும். ஆசான் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பேனாக் கருவியை நான் வாங்கித் தருகிறேன். ஒரு காருக்கு இரண்டு நிமிஷம் ஆகாது. சிவப்பு எரிந்தால் பொன்முடியும் வேண்டாம், குற்றாலம் போகிற ஆரியங்காவு இறக்கமும் வேண்டாம், முதலில் வர்க்‌ஷாப்.

அண்ணாச்சியின் மகள் கை நேராகிவிட்டது. காரைப் பையன் விற்கவில்லை. சென்ற வாரம் கடைக்கு வந்து, டாட் 4 சீல் பாட்டில் இரண்டு கேட்டான். சில்லறையை வாங்கிக்கொண்டு, மூடியைத் தட்டிப் பார்த்து, தேதியை எழுதச் சொல்லிக் காத்து நின்றான். முன்பெல்லாம் போகும்போது "வாறேன் மாமா" என்பான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.